எத்தனை வீட்டில் நெட் இல்லை, எத்தனை பேருக்குக் கருவி இல்லை? ஊர் அளவில் கணக்கெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கள் ஊராட்சியிலோ வார்டிலோ பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலோ இணைய வசதியும் போன், கணினியும் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கெடுக்க நினைக்கும் ஆசிரியர்கள், நூலகத் தன்னார்வலர்கள், மகளிர் குழுவினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டை மனத்தில் வைத்துத்தான் பதில்கள் இருக்கின்றன. மற்ற இடங்களின் அனுபவம் உதவும் இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

இன்றைக்கு எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே. இதை ஏன் அளக்க வேண்டும்?

எல்லார் கையிலும் இல்லை. எல்லார் வீட்டிலும்கூட இல்லை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025 ஜனவரி முதல் மார்ச் வரை நடத்திய தொலைத்தொடர்பு ஆய்வின்படி, இந்தியாவில் 86.3 சதவீத வீடுகளில் இணைய வசதி இருக்கிறது. குறைந்தது ஒரு ஸ்மார்ட்போனாவது உள்ள வீடுகள் 85.5 சதவீதம். நல்ல எண்ணிக்கைதான். ஆனால் நூற்றில் பதினான்கு வீடு இன்னும் வெளியே நிற்கிறது. அந்தப் பதினான்கும் ஊர் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. மலையில் இருக்கும் ஒரு குக்கிராமம், சூளை வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் வரிசை, வயதானவர்கள் தனியாக வாழும் ஒரு தெரு என்று சில இடங்களில் குவிந்திருக்கிறது. சராசரியைப் பார்த்தால் இந்த இடங்கள் கண்ணில் படவே படாது.

"குறைந்தது ஒன்று" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு போன் இருந்து, அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறார் என்றால், அந்த வீடும் "இருக்கிறது" பக்கத்தில்தான் எண்ணப்படும். கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் அமைப்பின் 2021 அறிக்கை இதை நன்றாகக் காட்டியது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் 67.6 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதத்தினருக்கு அது படிக்கக் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது, பிள்ளையின் கைக்கு வரவில்லை.

இன்று உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், கேஸ் பதிவு, வங்கி என்று எல்லாவற்றுக்கும் ஓடிபி வேண்டும். போன் இல்லாதவர் ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் தயவை எதிர்பார்த்து நிற்கிறார். அந்தப் பதினான்கு வீடு யாருடையது என்று உதவி செய்ய வேண்டியவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

அரசு வெளியிடும் புள்ளிவிவரங்கள் போதாதா?

மாநிலத்தைப் பற்றிப் பேசப் போதும். உங்கள் ஊரைப் பற்றிப் பேசப் போதாது.

மேலே சொன்ன 2025 ஆய்வில் நாடு முழுக்க 34,950 வீடுகளைப் பார்த்தார்கள். பெரிய எண்ணாகத் தோன்றும். நாட்டில் சுமார் 780 மாவட்டங்கள் இருக்கின்றன. பங்கிட்டுப் பாருங்கள், மாவட்டத்துக்குச் சராசரியாக 45 வீடுதான் வருகிறது. 45 வீட்டை வைத்து ஒரு சதவீதம் சொன்னால், அது 15 சதவீதப் புள்ளி மேலேயும் இருக்கலாம், 15 புள்ளி கீழேயும் இருக்கலாம். மாவட்டத்துக்கே இந்தக் கதி என்றால் ஊராட்சிக்கு என்ன சொல்ல முடியும்? ஆய்வைக் குறை சொல்வதற்கில்லை. அது மாநில அளவில் விடை தருவதற்காக வடிவமைக்கப்பட்டது.

கிராமம் வரை, வார்டு வரை இறங்கி எண்ணியது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும்தான். அது கடைசியாக நடந்தது 2011-ல். அப்போது இந்திய வீடுகளில் 3.1 சதவீதத்தில்தான் இணையத்தோடு கூடிய கணினி இருந்தது. கேள்வியே "கணினி இருக்கிறதா, அதில் இணையம் உண்டா" என்றுதான் இருந்தது. போனில் நெட் பார்ப்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. ஆகவே அந்த அட்டவணை இன்று வரலாற்றுக்கு உதவும், திட்டமிட உதவாது.

2017-18-ல் 24 சதவீதம், 2025-ல் 86 சதவீதம் என்கிறார்கள். உண்மையிலேயே இவ்வளவு பெரிய பாய்ச்சலா?

பாய்ச்சல் உண்மை. தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று 2017 ஜூலையிலிருந்து 2018 ஜூன் வரை நடந்தது. அதில் இணைய வசதி உள்ள வீடுகள் 23.8 சதவீதம், கிராமத்தில் 14.9, நகரத்தில் 42. ஜியோ 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கியது, டேட்டா விலை சரிந்தது, பிறகு கொரோனா காலத்தில் பள்ளியே போனுக்குள் வந்துவிட்டது. கடன் வாங்கியாவது போன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம்.

ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் வைத்து "62 புள்ளி உயர்வு" என்று எழுத நான் தயங்குவேன். முதலாவது கல்விச் செலவு பற்றிய ஆய்வின் நடுவே கேட்ட கேள்வி. இரண்டாவது தொலைத்தொடர்புக்கென்றே நடத்திய ஆய்வு. கேட்கும் சூழல் மாறினால் விடையும் மாறும். உங்கள் ஊரில் இரண்டு முறை கணக்கெடுப்பதாக இருந்தால், முதல் முறை கேட்ட சொற்களையே எழுத்து மாறாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.

அந்த 75-வது சுற்றில் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. நாடு முழுக்கக் கணினி உள்ள வீடு 10.7 சதவீதம்தான், இணையம் உள்ள வீடு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தமிழ்நாட்டிலோ கணினி உள்ள வீடு சுமார் 18 சதவீதம், இணையம் உள்ள வீடு 20-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் லட்சக்கணக்கான வீடுகளுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. அதே அளவுக்கு இணைப்பு போகவில்லை. அதே ஆய்வில் கேரளத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இணையம் இருந்தது. கருவி வேறு, இணைப்பு வேறு. இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டுக் குழப்பினால் எது குறைகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கில் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றன. அதை மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிற்றே?

அது சிம் கணக்கு. ஒருவர் இரண்டு சிம் வைத்திருந்தால் இரண்டு. டெல்லியில் நூறு பேருக்கு இருநூறுக்கும் அதிகமான இணைப்பு இருப்பதாக அதே கணக்கு காட்டும். அங்கே போன் இல்லாதவரே இல்லை என்று யாராவது சொல்வார்களா? தவிர, டிராயின் "தமிழ்நாடு" சேவைப் பகுதியில் புதுச்சேரியும் சேர்ந்திருக்கிறது. மாவட்டம், ஊர் என்று அது பிரியாது.

எங்கள் ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டது. அப்படியானால் இடைவெளி தீர்ந்ததுதானே?

ஊராட்சி அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கம்பி இழுக்கும் பணியை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் மேற்கொண்டது. அலுவலகச் சுவர் வரை வந்த கம்பி, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்பின் வீட்டுக்குள் போகத் தனி முயற்சி வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும்.

இந்த விஷயத்தில் அமெரிக்கா பட்ட பாடு நமக்குப் பாடம். அங்கே தகவல் தொடர்பு ஆணையம் பல ஆண்டுகள் ஒரு விதி வைத்திருந்தது: கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு சிறு பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் "சேவை உள்ளது" என்று வரைபடத்தில் நிறம் பூசப்படும். கிராமப்புறத்தில் அந்தப் பகுதிகள் பல மைல் அகலம். வரைபடத்தில் நெட் இருந்தது, வீட்டில் இல்லை. கடைசியில் 2020-ல் தனிச் சட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாகக் காட்டும் புதிய வரைபடத்தை 2022 நவம்பரில் வெளியிட்டார்கள். உங்கள் ஊர் வரைபடத்தில் யாராவது பச்சை நிறம் பூசியிருந்தால், எந்த வீட்டை வைத்துப் பூசினீர்கள் என்று கேளுங்கள்.

"வீடு" என்று எதை எண்ணுவது? ஒரே கட்டடத்தில் மூன்று குடும்பம் இருக்கிறதே?

அடுப்பைப் பாருங்கள். ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான் எண்ணுகிறது. அண்ணன், தம்பி ஒரே வாசலில் இருந்து தனித்தனியாகச் சமைத்தால் இரண்டு குடும்பம். அண்ணன் வீட்டு வைஃபை தம்பி வீட்டுக்கும் எட்டினால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையை வைத்து எண்ண வேண்டாம். வெளியூர்த் தொழிலாளர்கள் பலரிடம் உள்ளூர் அட்டை இருக்காது, அவர்களும் இங்கேதான் வாழ்கிறார்கள்.

எதையெல்லாம் "கருவி" என்று சேர்ப்பது?

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறையில் மேசைக் கணினி, லேப்டாப், டேப்லெட் மூன்றும் கணினி. ஸ்மார்ட்போனும் ஸ்மார்ட் டிவியும் அதில் சேராது. இந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். போனில் பாடம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். ஆனால் பத்துப் பக்கம் எழுதவோ, வேலைக்கான விண்ணப்பத்தில் சான்றிதழ்களைச் சேர்த்து அனுப்பவோ அது படுத்தும் பாடு அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பட்டன் போனைத் தனியாக எண்ணுங்கள். "போன் இருக்கிறது" என்று சொல்பவர் பட்டன் போனை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஓடாத கருவியைக் கருவியாக எண்ண வேண்டாம். பீரோவுக்கு மேல் அரசு லேப்டாப் இருக்கும், பேட்டரி போயிருக்கும். திரை உடைந்த போன் அலமாரியில் இருக்கும். "கடந்த ஒரு மாதத்தில் இதைப் பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பழுதானவற்றைத் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். நூறு பழுதான லேப்டாப் ஒரு ஊரில் இருப்பது தெரிந்தால், புதிது வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதைவிட ஒரு பழுதுபார்க்கும் முகாம் கேட்பது எளிது.

சரி, என்ன கேள்விகள் கேட்பது?

"வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். போனில் யூடியூப் பார்க்கும் பலர் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். இன்டர்நெட் என்றால் அவர்களுக்கு வீட்டுக்குக் கம்பி இழுத்து வைக்கும் பெட்டி. "இந்த வீட்டில் யாராவது போனிலோ கணினியிலோ வாட்ஸாப், யூடியூப் பார்க்கிறீர்களா? எந்தப் போனில்?" என்று கேளுங்கள்.

அடுத்து ஆட்களிடம் வாருங்கள். வீட்டில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் மூன்றே கேள்வி: சொந்தமாகப் போன் உண்டா, இல்லையென்றால் யாருடையதைப் பயன்படுத்துகிறார், நேற்று பயன்படுத்தினாரா. "வழக்கமாக" என்று கேட்டால் நல்ல பெயருக்காகப் பதில் வரும். "நேற்று" என்று கேட்டால் நினைவிலிருந்து வரும். படிக்கும் பிள்ளை இருந்தால், போன் எத்தனை மணிக்கு அதன் கைக்கு வருகிறது என்றும் கேளுங்கள்.

பிறகு ரீசார்ஜ். இதை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு அரைக் கணக்குதான் என்பேன். பெரும்பாலான மாதத் திட்டங்கள் 28 நாள்தான் ஓடும். ஆகவே ஒரு சிம்முக்கு ஆண்டில் பன்னிரண்டு முறை போட்டால் பற்றாது, பதின்மூன்று முறை போட வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு, மூன்று போன் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவது சாதாரணம். எனவே, "இப்போது இந்தப் போனில் டேட்டா இருக்கிறதா? கடைசியாகத் தீர்ந்தபோது எத்தனை நாள் கழித்துப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். கூலி வேலைக் குடும்பத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லாத இரண்டு வாரம் நெட்டும் இருக்காது. வருடத்தில் இரண்டு மாதம் நெட் இல்லாத வீட்டை "இருக்கும் வீடு" என்று எழுதிவிட்டால் அந்த இரண்டு மாதத்தை யார் கேட்பார்கள்?

டவர் எடுக்கும் இடத்தையும் கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே எடுக்கிறதா, வாசலுக்கு வர வேண்டுமா, மேட்டுக்கு ஏற வேண்டுமா? நீலகிரியிலும் சத்தியமங்கலம் மலையிலும் ஜவ்வாது மலையிலும் இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிடும்.

கடைசியாக, இல்லாத வீட்டில் ஏன் இல்லை என்பது. விலை, கருவி இல்லாமை, சிக்னல் இல்லாமை, பயன்படுத்தத் தெரியாமை, வீட்டில் அனுமதி இல்லாமை, தேவை இல்லாமை என்று வகைகளை எழுதிக்கொள்ளலாம். "எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று ஒருவர் சொன்னால் உடனே "தேவை இல்லை" கட்டத்தில் டிக் போடாதீர்கள். "மாதம் ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தால் வைத்துக்கொள்வீர்களா? யாராவது சொல்லிக் கொடுத்தால்?" என்று இன்னொரு முறை கேளுங்கள். முடியாததை வேண்டாம் என்று சொல்லித் தேற்றிக்கொள்வது மனித இயல்பு.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டுமா?

கட்டாயம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். தாங்களே பயன்படுத்தும் போன் உள்ள பெண்கள் 53.9 சதவீதம். வீட்டுத் தலைவர் என்று ஆணிடம் மட்டும் கேட்டு எழுதினால் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகும். கணக்கெடுக்கப் போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்தால், அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து அக்காவிடம் கேட்பது எளிதாக இருக்கும். போன் அவருடையதா, ஓடிபி யார் எண்ணுக்கு வருகிறது, தானே திறக்க முடியுமா என்ற மூன்றும் போதும்.

எத்தனை வீட்டில் கேட்க வேண்டும்?

ஊர் சிறியதென்றால் எல்லா வீட்டிலும். 600 வீடுள்ள ஊராட்சி என்றால் பத்துப் பேர் ஆளுக்கு 60 வீடு. வீட்டுக்குக் கால் மணி நேரம் என்றால் ஆளுக்கு 15 மணி நேர வேலை. இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும். மாதிரி எடுப்பதில் வரும் தலைவலிகள் எதுவும் இதில் இல்லை. கடைசியில் கையில் சதவீதத்தோடு நின்றுவிடாது, எந்தத் தெருவில் எந்த வீடு என்ற பட்டியலும் இருக்கும்.

நகர வார்டில் 2,000 வீடு என்றால் பத்தில் ஒன்று எடுக்கலாம். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு சீட்டு எடுங்கள். 7 வந்தால் ஏழாவது வீடு, பதினேழாவது வீடு, இருபத்தேழாவது வீடு என்று போங்கள். வசதியான வீடு, தெரிந்த வீடு என்று தாவக்கூடாது. 200 வீட்டில் கிடைக்கும் விடை உண்மையிலிருந்து ஏறக்குறைய 7 புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கலாம். 400 வீடு எடுத்தால் அது 5 புள்ளிக்குக் குறையும். இரண்டு மடங்கு உழைத்தால் பிழை பாதியாகும் என்று நினைக்க வேண்டாம்.

பூட்டியிருக்கும் வீட்டை விட்டுவிடாதீர்கள். பகல் பதினொரு மணிக்குப் பூட்டியிருப்பது பெரும்பாலும் கூலிக்குப் போனவர்களின் வீடு, நீங்கள் தேடிப் போவதே அவர்களைத்தான். மாலை ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பப் போங்கள். மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் "பார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள்; பக்கத்து வீட்டைப் பதிலுக்குச் சேர்க்காதீர்கள்.

சில தெருக்களில் முழுவதும், சில தெருக்களில் மாதிரி என்று கலந்து எடுத்தால் எப்படிக் கூட்டுவது?

இதில் பலரும் வழுக்குகிறார்கள், அதனால் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பெரிய தெருவில் 400 வீடு, ஐந்தில் ஒன்றாக 80 வீடு பார்த்தீர்கள், 72-ல் நெட் இருக்கிறது. தள்ளியிருக்கும் குடியிருப்பில் 40 வீடு, எல்லாவற்றையும் பார்த்தீர்கள், 14-ல் இருக்கிறது. மொத்தம் 120-ல் 86, அதாவது 72 சதவீதம் என்று எழுதினால் தவறு. பெரிய தெருவில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு வீடும் ஐந்து வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது. எனவே 72-ஐ ஐந்தால் பெருக்கி 360, அதோடு 14, மொத்தம் 440-ல் 374. ஊர்ச் சராசரி 85 சதவீதம்.

இந்த 85-ஐத் தலைப்பில் போட்டு அறிக்கையை முடித்துவிட்டால் வேலை வீண். பெரிய தெருவில் 90, குடியிருப்பில் 35. அறிக்கையின் முதல் வரியில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தத் தள்ளியிருக்கும் குடியிருப்பு ஆதிதிராவிடர் மக்கள் வாழும் இடமாகவோ பழங்குடியினர் வாழும் இடமாகவோ இருக்கும். டவரும் கம்பியும் கடைசியாகத்தான் அங்கே போயிருக்கும். அதை நேராக எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸாப் குழுவில் விட்டால் வேலை எளிதாயிற்றே?

நெட் இல்லாதவர்களை எண்ணுவதற்கு நெட் வழியாகப் படிவம் அனுப்பினால், நீங்கள் தேடுபவர் ஒருவர்கூட அதில் வரமாட்டார். கால் வலித்தாலும் நேரில் போக வேண்டிய வேலை இது. போன் செய்து கேட்பதிலும் இதே சிக்கல்தான். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்த் தங்கள் போனில் படிவத்தை நிரப்பினால் தவறில்லை. சிக்னல் இல்லாத இடத்துக்குக் காகிதமும் எடுத்துப் போங்கள்.

வேகத்தையும் அளக்க வேண்டுமா?

முடிந்தால். இந்தியாவில் 2023 ஜனவரி முதல் பிராட்பேண்ட் என்று சொல்ல நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் வேகம் வேண்டும். அதற்கு முன் 512 கிலோபிட்டே போதுமானதாக இருந்தது. டிராயின் மைஸ்பீட் செயலியில் மாலை எட்டு மணிக்கு, வீட்டுக்குள் வைத்து அளந்தால் உண்மை நிலை தெரியும். ஊக்லா நிறுவனம் தன் வேகச் சோதனை முடிவுகளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து இலவசமாக வெளியிடுகிறது, அதையும் பார்க்கலாம். ஆனால் அதில் இருப்பது நெட் உள்ளவர்கள் செய்த சோதனை மட்டுமே. வெறுமையாக இருக்கும் கட்டம்தான் சில நேரம் முக்கியமான செய்தி.

மக்கள் உண்மையைச் சொல்வார்களா?

இரண்டு பயம் இருக்கும். ஒன்று, இல்லை என்று சொல்லக் கூச்சம். பக்கத்து வீட்டார் நிற்கும்போது கேட்காதீர்கள். இன்னொன்று, இருக்கிறது என்று சொன்னால் ஏதாவது உதவி நின்றுவிடுமோ என்ற அச்சம். கார் இருந்தால் மகளிர் உரிமைத் தொகை கிடைக்காது என்ற விதி ஊருக்கே தெரியும். அப்படியிருக்க, கிளிப்போர்டோடு வந்து "லேப்டாப் இருக்கிறதா" என்று கேட்பவரைச் சந்தேகப்படுவது நியாயம்தான். யார் அனுப்பினார்கள், எதற்காக, யாரிடம் இது போகும், யாரிடம் போகாது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர், போன் எண், ஆதார் எல்லாம் வாங்கலாமா?

ஆதார் வேண்டவே வேண்டாம். பெயரும் கதவு எண்ணும் உதவி போய்ச் சேர்வதற்காகத் தேவைப்படலாம். சம்மதம் கேட்டு வாங்கி, விடைத்தாளிலிருந்து பிரித்துத் தனி நோட்டில் வையுங்கள். வெளியிடும் அறிக்கையில் தெரு அளவுக்குக் கீழே போகாதீர்கள். ஐந்தாறு வீடே உள்ள இடத்தைப் பக்கத்துத் தெருவோடு சேர்த்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று இருக்கிறது. பள்ளி வழியாகக் கணக்கெடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறதே, அதற்காகக் காத்திருந்தால் என்ன?

அந்தக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கியிருக்கிறார்கள். இணைய வசதி, லேப்டாப் அல்லது கணினி, தொலைபேசி அல்லது ஸ்மார்ட்போன் என்ற கேள்விகள் அதில் உண்டு. அது பெரிய வரம். ஊர் அளவில் அட்டவணைகள் வெளியானால் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதுவும் "வீட்டில் இருக்கிறதா" என்பதோடு நின்றுவிடும். யார் கையில், எத்தனை மணிக்கு, ரீசார்ஜ் எத்தனை நாள் என்பதற்கு அங்கே இடமில்லை. இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அட்டவணை வரும்வரை காத்திருக்க முடியாது.

இலங்கையில் இதற்கு ஏதாவது வழி உண்டா?

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவு பற்றியும் வீட்டில் கணினி இருப்பது பற்றியும் தொடர்ந்து அறிக்கை வெளியிடுகிறது. நகரம், கிராமம், தோட்டப்புறம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவது அதன் சிறப்பு. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் எனும் வரிசை வீடுகளின் நிலையைத் தனியாகப் பார்க்க இது உதவும். தமிழ்நாட்டு அறிக்கைகளிலும் மலைக்கிராமங்களை இப்படித் தனியாகப் பிரித்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கணக்கெடுத்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது?

கேரளத்தைப் பாருங்கள். 2020-ல் பள்ளிகள் மூடியபோது, டிவியோ இணையமோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று முதலில் எண்ணினார்கள். யார், எங்கே என்று தெரிந்ததால் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துப் பாடம் காட்ட முடிந்தது. பிறகு திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் வீடு வீடாகப் போய், போன் பயன்படுத்தத் தெரியாதவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே முறையை மாநிலம் முழுக்க விரித்து 83 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் கணக்கெடுத்தார்கள், 21.88 லட்சம் பேருக்குப் பயிற்சி தேவை என்று பெயரோடு பட்டியல் கிடைத்தது.

நம் ஊரில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒரே பக்க அறிக்கையோடு போங்கள். காரணம் வாரியாகப் பிரித்திருந்தால் கோரிக்கையும் தெளிவாக இருக்கும். சிக்னல் இல்லாத குடியிருப்புக்கு டவர் கேட்க வேண்டும். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை சேவை இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக ஒப்புதல் தந்தது, உங்கள் குடியிருப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். விலைதான் தடை என்றால் நூலகத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ மாலை நேர வைஃபை கேளுங்கள். கருவி இல்லையென்றால் பள்ளியில் இரவல் கொடுக்கும் டேப்லெட். தெரியாமைதான் தடை என்றால் மகளிர் குழுக் கூட்டத்தில் வாரம் அரை மணி நேரம். தீர்மானமாக எழுதி வாங்கி, நகலைக் கையோடு எடுத்து வாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும்?

முழுக் கணக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இல்லாத வீடுகளின் பட்டியலை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பள்ளி திறக்கும் ஜூனிலும், வேலை குறையும் மழைக்காலத்திலும் ஒவ்வொரு முறை போவது நல்லது. ரீசார்ஜ் கட்டணம் உயர்ந்தால் இரண்டு மாதம் கழித்து ஒரு சுற்று கூடுதலாகப் போங்கள். முன்பு "இருக்கிறது" என்று எழுதிய வீடுகளில் சில மறுபடியும் பட்டியலில் வந்திருக்கும்.